வராத பிள்ளையை நினைத்து எழுதும் பட்டியல்: பள்ளி இசைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு தலைமையாசிரியர் யாரையாவது கூப்பிட்டு, "இந்த ஆண்டு பேண்டும் பாட்டுக் குழுவும் உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிடுவார். அவர் இசை படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், கணக்கு டீச்சராக இருக்கலாம், வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் வந்துபோகும் பகுதிநேர இசை ஆசிரியராகவும் இருக்கலாம். அப்படிப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, மூக்கையூர் என்று நீளும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பள்ளிகள்தான் என் மனதில் இருக்கின்றன.

வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று இங்கே பேசப்போவதில்லை. குழுவில் யார் யார், யாருக்கு எந்த வாத்தியம், ஒருவர் வரவில்லை என்றால் அந்த இடத்தில் யார் என்பதை எழுதி வைப்பது பற்றி மட்டுமே பேச்சு. சின்ன வேலை போலத் தோன்றும். ஆகஸ்ட் 15 காலை ஏழு மணிக்குப் பெரிய டிரம் அடிக்கிற பையனுக்குக் காய்ச்சல் என்று சேதி வரும்போது அது சின்ன வேலை இல்லை என்று புரியும். எல்லாரும் வந்து நிற்கிற நாளில் பட்டியலே தேவையில்லை, கண்ணால் பார்த்தே நிறுத்திவிடலாம். வராதவர்களுக்காகத்தான் பட்டியல் எழுதுகிறோம். நம் கரையில் பிள்ளைகள் வராமல் போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், அப்படி எழுதுவது முடியாத காரியமும் இல்லை.

பெயருக்கு முன்னால் நாள்காட்டி

எல்லாரும் முதலில் பெயர் எழுதத்தான் உட்காருவார்கள். அதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஒரு பெரிய தாளில் ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். குழு மேடையேற வேண்டிய நாள்களை நீல மையில் குறியுங்கள்: ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், ஆகஸ்ட் 15, செப்டம்பர் 5, நவம்பர் 14, ஜனவரி 26, விளையாட்டு விழா, ஆண்டு விழா. ராமேசுவரம் தீவுக்குள் இருக்கும் பள்ளியானால் ஜூலை 27, அப்துல் கலாம் நினைவு நாளையும் சேர்த்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு ஒரு கட்டம் விட்டுவையுங்கள். செப்டம்பர் காலாண்டுத் தேர்வு, டிசம்பர் அரையாண்டுத் தேர்வு, மார்ச் பொதுத்தேர்வு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள்.

இனி சிவப்பு மை. பிள்ளைகள் குறையும் நாள்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டுக்கும் ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்று இடங்களிலும் கூட்டம் நெரியும், பஸ் நேரத்துக்கு வராது. செப்டம்பர் 11 (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) ஆகிய நாள்களை ஒட்டி மாவட்டத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இருக்கும் என்பதால் அந்த வாரங்களில் வெளியூர் நிகழ்ச்சி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பிப்ரவரி தொடக்கத்தில் ஓரியூர் அருளானந்தர் திருவிழா. அதை அடுத்து வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குச் சில வீடுகள் குடும்பத்தோடு படகேறும். ஏர்வாடி சந்தனக்கூடும் ரமலானும் பிறைக் கணக்கில் வருகிறவை. போன ஆண்டுத் தேதியைப் பார்த்து எழுதிவிடாதீர்கள், ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் நகரும். இப்போது பிப்ரவரி வாக்கில் வரும் ரமலான் இன்னும் சில ஆண்டுகளில் குடியரசு தினத்தையே தொட்டுவிடும். நோன்பு வைத்திருக்கும் பிள்ளையை வெயிலில் நிறுத்திப் புல்லாங்குழல் ஊதச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஊதும் வரிசையை வேறு மாதிரி நிரப்ப வேண்டியிருக்கும் என்பதை இப்போதே ஓரத்தில் குறித்துவையுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் மறுநாள் பயிற்சி நடப்பது சந்தேகம்தான். ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு காலையில்கூட வரலாம். ஆகவே இந்த மூன்று மாதங்களில் நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் கடைசி நேரப் பயிற்சியை நம்ப வேண்டாம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரத்துக்கு முன்பே பாட்டு தயாராக இருக்கும்படி கணக்குப் போடுங்கள்.

சிவப்புக்குள் ஒரு நல்ல காலமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்தில் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். தடை முடிந்துவிட்டால் அவர்களைப் பிடிப்பது கஷ்டம். அதனால் பெற்றோர் சம்மதக் கடிதம், தொலைபேசி எண், உடல்நல விவரம் எல்லாவற்றையும் ஜூன் 14-க்குள் வாங்கிவிடுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை இருக்கிறது. எந்த வீட்டார் எந்தப் படகு என்று தெரிந்தால் எந்தக் கிழமை அப்பாவைப் பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு முதன்மைப் பட்டியல்

பேண்டுக்கு ஒரு தாள், காலை வழிபாட்டுப் பாட்டுக் குழுவுக்கு ஒரு தாள், கலைத் திருவிழாவுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகத் தொடங்கினால் ஆகஸ்டுக்குள் மூன்றும் மூன்று கதை சொல்லும். ஒரே பிள்ளை பேண்டில் சைடு டிரம்மும் பாட்டுக் குழுவில் முன்வரிசையுமாக இருப்பாள். விழாவில் கொடியேற்றம் முடிந்து பேண்டு நிற்பதற்குள் அவள் மேடையில் இருக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரல் சொல்லும். எல்லாப் பெயரும் ஒரே பட்டியலில் இருந்தால்தான் இந்த மோதல் முந்தின நாளே கண்ணில் படும். குழுக்களின் தாள்களை அதிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் முதல் பத்தி பெயர் என்று நினைப்பீர்கள். எண்தான் முதல் பத்தி. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளைக்கு இருக்கும் எண்ணை எழுதுங்கள். கடலோர ஊர்களில் ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து, ஒரே வகுப்பு என்று இரண்டு, மூன்று பேர் இருப்பது சாதாரணம். மீனவக் கிறிஸ்தவ ஊர்களில் அந்தோணியும் ஆரோக்கியமும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகமதுவில் தொடங்கும் பெயர்களும் எத்தனை என்று வருகைப் பதிவேட்டைத் திறந்தாலே தெரியும். ஊரில் இவர்களைப் பட்டப்பெயராலோ வீட்டுப் பெயராலோ பிரித்துச் சொல்வார்கள். அதைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம். சில பட்டப்பெயர்கள் பிள்ளைக்குப் பிடிக்காதவை, சில சண்டையில் முடிபவை. எமிஸ் எண்ணோடு வகுப்புப் பிரிவையும் எழுதினால் போதும்.

பெயரின் எழுத்தையும் எமிஸ் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழ் அச்சாகும்போது 'ஜெரோம்' என்பதா 'செரோம்' என்பதா என்ற கேள்வி எழக்கூடாது. ஒரு எழுத்துக்காகத் திருத்தச் சான்றிதழ் கேட்டு அலைவது பிள்ளைக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி.

அடுத்தது தொலைபேசி. இங்கே ஒரு எண் போதாது. கடலுக்குள் போன அப்பாவின் கைப்பேசிக்கு மணி அடிக்காது. மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கப் போகும் அம்மாவும் தண்ணீரில் நிற்கும்போது பேச முடியாது. வாப்பா வளைகுடா நாட்டிலோ மலேசியாவிலோ இருக்கும் வீடுகளில் உம்மாவின் எண்தான் உதவும், எழுத்து மூலமான சம்மதம் வாட்ஸ்அப்பில் வரும். ஆகவே இரண்டு எண்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாருடையது, எந்த நேரத்தில் எடுப்பார் என்று குறியுங்கள். அப்பத்தா, பெரியம்மா, பக்கத்துக் கடை என்று எதுவானாலும் பகலில் கரையில் இருக்கும் ஒருவரின் எண் அதில் ஒன்றாக இருக்க வேண்டும்.

மற்றப் பத்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு, வாத்தியம் அல்லது குரல் பகுதி, இரண்டாவது வாத்தியம், எடுத்துக்கொண்ட வாத்தியத்தின் எண், ஏறி இறங்கும் பஸ் நிறுத்தம், சீருடை அளவு, காலணி அளவு, மூச்சிரைப்பு, வலிப்பு போன்ற கவனிக்க வேண்டிய உடல்நிலை. அளவுகளை ஜூனில் எடுத்ததோடு விட்டுவிடாமல் டிசம்பரில் மறுபடி எடுங்கள். இந்த வயதில் ஆறு மாதத்தில் கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும்.

பஸ் நிறுத்தத்தை வெறும் தகவல் என்று விட்டுவிட வேண்டாம். மாலைப் பயிற்சி எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தப் பத்திதான். மண்டபத்திலிருந்து பாலம் தாண்டித் தீவுக்குள் போகும் பிள்ளையும், சாயல்குடியிலிருந்து கடற்கரைக் குக்கிராமத்துக்குப் போகும் பிள்ளையும் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு இருட்டிவிடும். எட்டாம் வகுப்பு தாண்டியதும் பெண்பிள்ளைகள் குழுவிலிருந்து ஒவ்வொருவராகக் குறைகிறார்கள் என்றால், "ஆர்வமில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் இந்தப் பத்தியைப் பாருங்கள். பயிற்சியை மதிய இடைவேளைக்கோ கடைசிப் பாட வேளைக்கோ மாற்றினாலே பலர் திரும்பி வருவார்கள்.

சாதி, மதம் என்ற பத்திகள் இந்தப் பட்டியலில் வேண்டவே வேண்டாம். பள்ளியின் வேறு பதிவேடுகளில் அவை இருக்கலாம். இசைக்குழுவில் அவற்றுக்கு வேலையில்லை. நோன்போ சபரிமலை மாலையோ பயிற்சியைப் பாதிக்குமானால் அந்த வாரம் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே தெரிந்தது என்ன?

தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுப்பதற்கு முன்னால், "வீட்டிலோ ஊரிலோ என்ன வாசிப்பாய், என்ன பாடுவாய்?" என்று ஒரு கேள்வியைக் கேட்டு, சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் வளமானவை. கோவில் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் பாடுகிறவள் இருப்பாள், இரண்டு குரலில் பிரித்துப் பாடுவது அவளுக்குப் புதிதல்ல. தஃப் என்ற தோல் வாத்தியத்தைத் தட்டிப் பழகிய பையன் இருப்பான், அவனுக்குத் தாளம் கையில் உட்கார்ந்திருக்கும். தவில், நாதஸ்வர வீட்டுப் பிள்ளை இருக்கலாம். பறை அடிக்கத் தெரிந்த பிள்ளை அதைச் சொல்லத் தயங்கக்கூடும். கேட்கிறவர் மதிப்போடு கேட்டால் சொல்லுவான். கலைத் திருவிழாவில் நாட்டுப்புற வாத்தியங்களுக்கும் இடம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குரலைச் சோதிக்கத் தனிப்பாட்டு எதுவும் தேட வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாருக்கும் மனப்பாடம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை அதை மோகன ராகத்தில், திஸ்ர தாளத்தில், 55 வினாடியில் பாட வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பாடச் சொல்லி, சுருதிப் பெட்டியில் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், சிரமமில்லாமல் மேலேயும் கீழேயும் எட்டுகிறது என்று பாருங்கள். அந்தக் கட்டையையும் சோதித்த தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். தேதி எதற்கு என்றால், பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன்களின் குரல் உடையத் தொடங்கும். ஜூனில் ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவன் ஜனவரியில் அந்த இடத்தை எட்ட முடியாமல் வெட்கப்பட்டு நிற்பான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் கட்டையை மாற்றி எழுதினால் அவனை வெளியே அனுப்ப வேண்டியிருக்காது. கீழ்க்குரலுக்கோ தாள வாத்தியத்துக்கோ மாற்றிவிடலாம். குரல் உடைகிற காலத்தில் பாட்டை விட்டுப் போன பையன்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இருபத்து நான்கு இடங்களும் இரண்டாவது பெயர்களும்

பேண்டுக்கு எத்தனை பேர் என்ற கேள்விக்கு வாத்தியங்களின் எண்ணிக்கைதான் பதில். இருந்தாலும் ஒரு மாதிரி சொல்கிறேன். மூன்று மூன்று பேராக எட்டு வரிசை, மொத்தம் 24. அதற்கு வெளியே முன்னால் நின்று நடத்துகிறவர் ஒருவர். ஒரு வரிசையில் நடுவே பெரிய டிரம், இரண்டு பக்கமும் சிம்பல். இரண்டு வரிசை சைடு டிரம். மீதி ஐந்து வரிசையில் 15 பேர் புல்லாங்குழலும் பியூகிளும். இந்த 24 இடங்களுக்கும் 1 முதல் 24 வரை எண் கொடுத்துப் படமாக வரைந்து, பட்டியலில் பிள்ளையின் பெயருக்கு எதிரே அந்த எண்ணை எழுதுங்கள். "நீ எங்கே நிற்பாய்?" என்றால் "பதினேழு சார்" என்று சொல்லத் தெரிந்த குழு இரண்டு நிமிடத்தில் வரிசையாகிவிடும்.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஆள் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் 24 பேருக்கு 24 மாற்று. எந்தப் பள்ளியிலும் நடக்காது, தேவையும் இல்லை. 15 குழலில் இரண்டு குறைந்தால் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. பெரிய டிரம் தடுமாறினால் பள்ளி முழுவதும் கால் மாறி நடக்கும். ஆகவே பெரிய டிரம்முக்கு இரண்டு மாற்று, நடத்துகிறவருக்கு ஒரு மாற்று, சைடு டிரம்முக்கு இரண்டு, சிம்பலுக்கு ஒன்று. இந்த ஆறு பேரையும் வெளியே உட்கார வைக்காமல் குழல் வரிசையிலிருந்தே எடுங்கள். 'இரண்டாவது வாத்தியம்' என்ற பத்தி இதற்குத்தான். மாதம் ஒரு பயிற்சி நாளில் முதல் ஆள்களை உட்கார வைத்துவிட்டு, மாற்று ஆள்களை மட்டும் கொண்டு முழு நடையையும் நடத்திப் பாருங்கள். முதல் ஆள் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

நிகழ்ச்சி நாளில் ஆள் குறைந்தால் ஓட்டை விழுந்த வரிசையோடு நடக்க வேண்டாம். 22 பேர் வந்திருந்தால் ஏழு வரிசையில் 21 பேரை நிறுத்தி, மிஞ்சியவர் கையில் பள்ளிக் கொடியைக் கொடுங்கள். எந்த எண்கள் முதலில் கலையும் என்று படத்திலேயே எழுதி வைத்துவிட்டால் அன்று காலை யோசிக்க வேண்டியதில்லை. கடைசிக் குழல் வரிசையைக் கலைப்பதுதான் எளிது.

மாற்று ஆள் என்பது நாளைக்கு மட்டுமல்ல, அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத்தான். வகுப்பு வாரியாகப் பட்டியலை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். சைடு டிரம் ஆறு பேரும் பத்தாம் வகுப்பு என்றால் இந்த ஆண்டு அருமையான பேண்டு, அடுத்த ஜூனில் வெறும் டிரம். எந்த வாத்தியத்திலும் பள்ளியை விட்டுப் போகும் வகுப்பினர் பாதிக்கு மேல் இருக்க வேண்டாம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை ஜனவரி பிறந்ததும் தொந்தரவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆகஸ்ட் 15 அணிவகுப்பு அவர்களுடையதாக இருக்கட்டும். ஜனவரி 26-க்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வரட்டும். இதை ஜூனிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

வாத்தியத்துக்கும் பெயர் உண்டு

உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விட்டுவைக்காது. பியூகிளில் பச்சைக் களிம்பு படியும், டிரம்மின் முறுக்குத் திருகுகள் துருவேறி இறுகிப்போகும். கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளில் இது இன்னும் வேகம். அதனால் வாத்தியம் இன்னார் கையில் இருக்கிறது என்று எழுதி வைப்பது திருட்டுக்குப் பயந்து அல்ல, துடைப்பதற்கு ஆள் வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எனாமல் பெயின்டால் எண் எழுதுங்கள். ஒட்டும் தாள் இந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துத் துணிப்பையில் வைப்பது அந்த எண்ணுக்குரிய பிள்ளையின் வேலை. வாயில் வைத்து ஊதும் வாத்தியத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் கைமாறும்போது ஊதுவாயைச் சோப்பு நீரில் கழுவிக் கொடுக்க வேண்டும்.

பறை இருக்கும் குழுவானால் மழைக்காலத்தில் தோல் தளர்ந்துவிடும், தீயில் காய்ச்சித்தான் அடிக்க முடியும். நிகழ்ச்சித் தாளில் அதற்கென்று நேரமும், தீயின் பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவரின் பெயரும் இருக்க வேண்டும்.

வருகைக் குறி

பயிற்சி வருகைக்கு வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போல இரண்டே குறி வைத்தால் பயனில்லை. நான்கு குறி வையுங்கள்: வந்தால் 'வ', தாமதமானால் 'தா', முன்பே சொல்லிவிட்டு வராதிருந்தால் 'சொ', சொல்லாமல் வராதிருந்தால் 'இ'. பக்கத்தில் காரணம் எழுத ஒரு சிறு இடம். இதை எழுதும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் கொடுங்கள். ஆனால் வார இறுதியில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

'சொ' எத்தனை இருந்தாலும் கவலையில்லை, அந்தப் பிள்ளை உங்களை நம்பிச் சொல்கிறது. தொடர்ந்து மூன்று 'இ' விழுந்தால் வீட்டுக்கு ஒரு போன். திட்டுவதற்காக அல்ல. "அம்மா, பிள்ளை பயிற்சிக்கு வரவில்லையே, வீட்டில் ஏதும் சிரமமா?" என்று கேட்டால் போதும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, காலணி கிழிந்துவிட்டது, பேண்டில் இன்னொருவன் கேலி செய்கிறான் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். மூன்று முறை வராதவர் பெயரை அடித்துவிடுவது என்ற விதி பல பள்ளிகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பனைத்தொழில், உப்பளம், கடல் என்று பருவத்துக்குப் பருவம் வீட்டின் வேலைச்சுமை மாறும் ஊர்களில் அந்த விதி முதலில் வெளியேற்றுவது வசதி குறைந்த பிள்ளைகளைத்தான். பெயரை அடிப்பதற்குப் பதிலாக 'ஓய்வு' என்று குறித்து இடத்தை மாற்று ஆளுக்குக் கொடுங்கள். திரும்பி வந்தால் குழல் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கணினியில் ஏற்றும்போது

கூகுள் ஷீட்ஸ் போதும், தனிச் செயலி எதுவும் வேண்டாம். தமிழை யூனிகோடில் தட்டச்சுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் பள்ளிக் கணினியில் அழகாகத் தெரியும், கைப்பேசியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும், தேடினாலும் பெயர் கிடைக்காது. போன ஆண்டுப் பட்டியல் அப்படி இருந்தால் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள். ஒரு கட்டத்தில் ஒரே செய்தி மட்டும் எழுதுங்கள். '9-பி, சைடு டிரம், மண்டபம்' என்று ஒரே கட்டத்தில் திணித்தால் வடிகட்டவோ அடுக்கவோ முடியாது. திருத்தும் உரிமை இருவருக்கு மட்டும், மற்ற ஆசிரியர்களுக்குப் பார்க்கும் உரிமை. மாதம் ஒருமுறை அச்செடுத்துத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். புயல் நாளில் மின்சாரமும் இருக்காது, இணையமும் இருக்காது.

அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளில் பெயர், வகுப்பு, இடத்தின் எண் மூன்று மட்டும் இருந்தால் போதும். தொலைபேசி எண்ணும் உடல்நிலையும் உள்ள முழுப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே கருதுகிறது, அவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு பெண்பிள்ளையின் வீட்டு எண் நூறு பேர் கைப்பேசிக்குப் போனால் அவளைக் குழுவிலிருந்தே வீட்டார் நிறுத்திவிடுவார்கள். ஆதார் எண்ணும் இந்தப் பட்டியலுக்குத் தேவையில்லை.

வெளியூர் போகும் நாளுக்கு

கலைத் திருவிழாவில் பள்ளி அளவில் வென்ற குழு வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். எந்தப் பிரிவில் எத்தனை பேர், எந்த வகுப்பு வரை என்பதை அந்த ஆண்டுச் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள், போன ஆண்டு நினைவை நம்ப வேண்டாம். பங்கேற்பவர் விவரம் எமிஸ் தளத்தில் ஏறுவதால், முதல் பத்தியில் எண்ணை எழுதி வைத்தவருக்கு இந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பயணத்துக்கென்று முதன்மைப் பட்டியலிலிருந்து தனித்தாள் எடுங்கள். பெயர், இரண்டு தொலைபேசி எண்கள், உடல்நிலை, மருந்து, வாத்திய எண், ஏறும் இடம், இறங்கும் இடம். ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். காலையில் பள்ளியில் ஏறியவள் இரவில் உச்சிப்புளியில் மாமா வீட்டில் இறங்குவதாகச் சொல்லலாம். அதற்குத் தனியாகப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். தாள் மூன்று படி: ஒன்று உங்களிடம், ஒன்று உடன் வரும் ஆசிரியையிடம், ஒன்று பள்ளியில் தலைமையாசிரியர் மேசையில். பெண்பிள்ளைகள் இருக்கும் குழு ஆசிரியை இல்லாமல் கிளம்பக் கூடாது.

பஸ்ஸில் தலை எண்ணுவதை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆள் மாறியிருக்கலாம். வேறு பள்ளிச் சீருடையும் ஒரே நிறத்தில் இருக்கும் போட்டி வளாகங்களில் இது நடக்கக்கூடியதுதான். ஏறும்போது ஒருமுறை, வளாகத்தில் இறங்கியதும் ஒருமுறை, மேடைக்குப் போகுமுன் ஒருமுறை, திரும்ப ஏறும்போது ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிறப் பேனாவால் குறி போடுங்கள். திரும்ப ஏறும்போது பெயரோடு வாத்திய எண்ணையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். இரவில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளை யார் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதை அந்தத் தாளிலேயே எழுதி, கடைசிப் பெயருக்கும் குறி விழுந்த பிறகு தலைமையாசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, மறுநாள் தாளைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.